பேட்டரிக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காரைக்குடிக்கு வெளியே ஒரு குடோனுக்குப் போயிருந்தேன். தெரிந்த தம்பி ஒருவர் தவிடு, புண்ணாக்கு, மாட்டுத் தீவனம் என்று வியாபாரம் செய்கிறார், கைமாறி வந்த, மூட்டை தூக்கும் பேட்டரி ஃபோர்க்லிஃப்ட் ஒன்றை நாலு மாதம் முன்னால் வாங்கிப் போட்டிருக்கிறார். "அண்ணே, ராத்திரி முழுக்க சார்ஜ் போடுறேன், மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள வண்டி படுத்துடுது, ஒரு எட்டு வந்து பாருங்க" என்று போனில் சொன்னார். போய் சீட்டோடு சேர்ந்த மூடியைத் தூக்கிப் பார்த்தேன். பேட்டரியின் மேல்பக்கம் முழுக்க ஈரம், அதில் தவிடு ஒட்டிக் களி மாதிரி கிடக்கிறது, டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குடமும் சொம்பும். குடத்தில் என்ன தம்பி என்று கேட்டேன். "நல்ல தண்ணிதாண்ணே, சம்பை ஊத்துத் தண்ணி. போர் தண்ணியெல்லாம் ஊத்த மாட்டேன்" என்றார்.

அவர் அக்கறையில் குறை சொல்ல முடியாது. நம் காரைக்குடியில் விருந்தாளி வந்தால் முதலில் பேசுவதே சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியைப் பற்றித்தான். ஆனால் அந்த ருசியே தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளால் வருவது. குடிக்கிற நமக்கு அது நல்லது. இந்த மாதிரி ஈயமும் ஆசிட்டும் உள்ள பேட்டரிக்குத் தேவையோ எதுவுமே கரைந்திராத தண்ணீர். ஏன் என்றால், பேட்டரியிலிருந்து வெளியே போவது தண்ணீர் மட்டும்தான், ஆவியாகவும் வாயுவாகவும் போய்விடும், அதில் இருந்த சுண்ணாம்பும் இரும்பும் குளோரைடும் செல்லுக்குள்ளேயே, அதாவது பேட்டரியின் ஒவ்வொரு அறைக்குள்ளேயும், தங்கிவிடும். அடுத்த வாரம் மறுபடி ஊற்றுகிறோம், மறுபடி தண்ணீர் போகிறது, உப்பு தங்குகிறது. உப்பளத்துப் பாத்தியில் நடப்பதுதான் செல்லுக்குள்ளும் நடக்கிறது. இரும்பு சேரச் சேர வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் சார்ஜ் தானாக இறங்கும். குளோரைடு செல்லுக்குள் இருக்கும் பாசிட்டிவ் ஈயத் தகட்டை, அதாவது பிளேட்டை, அரிக்கும். கேனில் வரும் ஆர்.ஓ. தண்ணீர் பரவாயில்லையா என்று கேட்பார்கள், அதிலும் குடிப்பதற்காகக் கொஞ்சம் உப்பு மிச்சம் இருக்கும், வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து ஊற்றுபவர்களும் உண்டு, அது தூசியையும் காயிலின் உலோகத்தையும் கழுவிக்கொண்டு வருவது, அதுவும் வேண்டாம். கடையில் பேட்டரி தண்ணீர், டி.எம். வாட்டர், டிஸ்டில்டு வாட்டர் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுப்பார்கள். அது மட்டும்தான்.

இதை விவரமாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். முன்பு எங்களிடம் டீசல் ஃபோர்க்லிஃப்ட்தான். மூடிய குடோனுக்குள் அது புகை விட்டால் சாக்கில் வாசம் ஏறும், உள்ளே வேலை பார்ப்பவர்களுக்குக் கண் எரியும். அதனால் இரண்டு டன் தூக்கும் பேட்டரி வண்டி வாங்கினார்கள். 48 வோல்ட், 400 ஆம்பியர் ஹவர், அதாவது இரண்டு வோல்ட் செல் 24 வரிசையாகக் கோத்த ஒரு இரும்புப் பெட்டி. வண்டி சத்தமில்லாமல் ஓடும், புகை இல்லை, டீசல் பிடிக்கப் போக வேண்டியதில்லை. பிளக்கைச் சொருகினால் போதும், செல்போன் மாதிரி என்று விற்றவர் சொன்னதை எல்லோரும் நம்பினோம். அந்த நம்பிக்கையால் ஒரு பையனுக்குக் கண் போகப் பார்த்தது.

ஐப்பசி மழை அது, விடாமல் பெய்துகொண்டிருந்தது. சார்ஜ் போடும் இடம் பழைய ஸ்டோர் ரூம், சாரல் அடிக்கிறது என்று யாரோ ஜன்னலைச் சாத்திவிட்டார்கள், கூரை ஒழுகுகிறது என்று வேறு யாரோ வண்டி மேல் தார்ப்பாயையும் போர்த்திவிட்டார்கள். வண்டியின் மூடியும் திறக்கவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு லாரி வந்து நிற்க, ஆபரேட்டர் தம்பி ஓடிப்போய் தார்ப்பாயைப் பாதி விலக்கி, சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடித்து இழுத்துவிட்டான். கனெக்டரில் நீலமாக ஒரு பொறி. அடுத்த நொடி திருவிழா அதிர்வேட்டு மாதிரி ஒரு சத்தம். ஒரு செல்லின் தலை பிளந்து ஆசிட் தெறித்தது, கன்னத்திலும் இடது கண்ணிலும் பட்டுவிட்டது.

அன்றைக்கு அவனைக் காப்பாற்றியது நெல் ஊற வைக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஹோஸ் பைப்தான். எங்கள் மேஸ்திரி வயதானவர், பேட்டரி பற்றி ஒன்றும் தெரியாதவர், ஆனால் யோசிக்காமல் பையனைப் படுக்க வைத்துக் கண்ணை விரலால் விரித்துப் பிடித்துத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தார். "ஆட்டோ வந்துடுச்சு, போதும்" என்று மற்றவர்கள் அவசரப்படுத்தியும் அவர் விடவில்லை, கால் மணி நேரத்துக்கு மேல் கழுவினார். ஆஸ்பத்திரியில் டாக்டர், அந்தத் தண்ணீர்தான் கண்ணைக் காப்பாற்றியது என்றார். கன்னத்தில் தழும்பு இன்னும் இருக்கிறது. ஆசிட் கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், அதற்குப் பிறகுதான் வண்டி ஏற்ற வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் நாங்கள் எல்லோரும் தெரிந்துகொண்டோம். தண்ணீர் குழாய் இல்லாத இடத்தில் பேட்டரி சார்ஜ் போடக் கூடாது. இது என் கறாரான கருத்து, இதில் யாரோடும் பேரம் பேச மாட்டேன். கண்ணில் எலுமிச்சை, பால், சோடா மாவு என்று எதையும் விடாதீர்கள். தண்ணீர், நிறையத் தண்ணீர்.

சரி, வெடித்தது எது? ஹைட்ரஜன். சார்ஜ் ஏறும்போது முதல் முக்கால்வாசி நேரம் கரண்ட் எல்லாம் பிளேட்டுக்குள் போகும். ஒரு செல்லின் வோல்ட் 2.4-ஐத் தாண்டியதும் பிளேட்டால் வாங்க முடியாத மிச்சக் கரண்ட் தண்ணீரைப் பிரிக்க ஆரம்பிக்கும், ஒரு பக்கம் ஹைட்ரஜன், இன்னொரு பக்கம் ஆக்ஸிஜன். செல்லுக்குள் சோறு கொதிப்பதுபோல் சலசலவென்று கேட்குமே, அதுதான். ஆக ஆபத்து அதிகமான நேரம் சார்ஜின் கடைசி இரண்டு மூன்று மணி நேரம், நம் கணக்கில் விடியற்காலை, அதாவது தூக்கக் கலக்கத்தோடு ஆள் வந்து பிளக்கைப் பிடுங்குகிற அதே நேரம். ஹைட்ரஜனுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும், 75 சதவீதம் வரை அந்த ஆபத்து உண்டு. 1 சதவீதத்தைத் தாண்ட விடாமல் பார்த்துக்கொள்வதுதான் பொதுவாகப் பின்பற்றுகிற கணக்கு.

ஒருநாள் உட்கார்ந்து எங்கள் அறைக்குக் கணக்குப் போட்டேன். ஒரு செல்லில் ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் வாயுவாகப் போனால் சுமார் 0.42 லிட்டர் ஹைட்ரஜன் வரும். எங்கள் சார்ஜர் கடைசியில் 20 ஆம்பியர் விடுகிறது, செல் 24, ஆக மணிக்கு 200 லிட்டர். அறை 10 அடி அகலம், 12 அடி நீளம், 10 அடி உயரம், மொத்தம் ஏறக்குறைய 34,000 லிட்டர் காற்று. அதில் ஒரு சதவீதம் 340 லிட்டர். கதவு ஜன்னல் சாத்தியிருந்தால் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஹைட்ரஜன் காற்றைவிட 14 மடங்கு லேசானது, நேராக மேலே போய்க் கூரையடியில் தேங்கும், அங்கே இன்னும் சீக்கிரம் சேர்ந்துவிடும். தார்ப்பாய்க்கும் வண்டி மூடிக்கும் அடியில் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளைக் கட்டியவர்கள் சூடான காற்று மேலே போகும் என்பதை வைத்தேதான் கட்டினார்கள். நடுவில் வானம் பார்த்த முற்றம், உயரமான கூரை, சுவரின் தலைமாட்டில் காற்றுப்போக்கி. கானாடுகாத்தானில் எந்தப் பெரிய வீட்டுக்குள் நுழைந்தாலும் சித்திரை வெயிலிலும் முற்றத்தைச் சுற்றிய வளவில் குளுமையாக இருக்கும். சார்ஜ் அறைக்கும் அதே புத்திதான் வேண்டும், கீழே காற்று வர வழி, கூரையை ஒட்டிக் காற்று போக வழி. நாங்கள் இப்போது அந்த ஸ்டோர் ரூமை விட்டுவிட்டு, மூன்று பக்கம் திறந்த ஷீட் கொட்டகை ஒன்றைப் போட்டிருக்கிறோம், ஷீட்டின் உச்சியில் நீளமாக ஒரு இடைவெளி விட்டு, அதன் மேல் மழை இறங்காமல் இன்னொரு தொப்பி ஷீட். எக்ஸாஸ்ட் ஃபேனே தேவைப்படவில்லை. அறைக்குள்தான் போட முடியும் என்கிறவர்கள் ஃபேனை உச்சியில் வையுங்கள், மோட்டாரில் பொறி வராத வகையாகப் பார்த்து வாங்குங்கள். கொட்டகைக்குள் பீடி, வெல்டிங், கிரைண்டர் எதுவும் கிடையாது. ஆயுத பூஜைக்குக்கூட வண்டியை வெளியே கொண்டுவந்து நிறுத்தித்தான் சூடம் காட்டுகிறோம்.

பிளக் விஷயத்தில் வரிசையை மாற்றவே கூடாது. வண்டியின் சாவியை எடுத்து, மூடியை முழுக்கத் திறந்து வைத்து, சார்ஜர் நின்றிருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் கனெக்டரைச் சொருகி, கடைசியாக சார்ஜரைப் போட வேண்டும். எடுக்கும்போது முதலில் சார்ஜரை நிறுத்த வேண்டும், மீட்டரில் ஆம்பியர் பூஜ்ஜியத்துக்கு வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் கனெக்டரில் கை வைக்க வேண்டும். பிளக்கை இழுத்தால் தானாக நிற்கிற சார்ஜர்கள் இப்போது வருகின்றன, இருந்தாலும் பழக்கம் பழக்கமாகவே இருக்கட்டும், அடுத்த இடத்தில் பழைய சார்ஜர் இருக்கும். கேபிளைப் பிடித்து இழுக்காமல் கைப்பிடியைப் பிடித்து இழுங்கள். கேபிளைப் பிடித்து இழுத்தால் உள்ளே கேபிள் முனையின் உலோகக் காது (லக்) தளர்ந்து சூடாகும், ஒருநாள் கனெக்டரே உருகும். வண்டி மூடி திறந்திருக்க வேண்டும், ஆனால் செல் மூடிகள் சாத்தியே இருக்க வேண்டும். இதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். செல் மூடியில் வாயு போவதற்கு ஓட்டை உண்டு. மூடியைக் கழற்றிவிட்டால் ஆசிட் திவலை தெறித்து மேலெல்லாம் ஈரமாகும்.

விபத்துக்குப் பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டு, யார் தப்பு என்று கேட்டார். பையன் பிளக்கை இழுத்தது தப்புதான். ஆனால் இழுக்கக் கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஜன்னலைச் சாத்தியவர் சாரலைப் பார்த்தார், தார்ப்பாய் போட்டவர் ஒழுகலைப் பார்த்தார். பேட்டரியைப் பார்க்க ஒரு ஆள் என்று யாரும் இல்லை. ஆபரேட்டர் அது எலக்ட்ரீசியன் வேலை என்பான், எலக்ட்ரீசியன் அது சர்வீஸ்காரர் வேலை என்பார், சர்வீஸ்காரர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து கையெழுத்து வாங்கிப் போவார். நான் முதலாளியிடம் கேட்டது ஒன்றுதான், ஒரு ஆளுக்கு இந்தப் பொறுப்பைக் கொடுங்கள், அதற்குச் சம்பளத்தோடு தினம் அரை மணி நேரமும் கொடுங்கள். அவர் யோசித்து, சரி என்றார். அந்த ஆபரேட்டர் தம்பிதான் கேட்டு வாங்கிக்கொண்டான். இன்றுவரை அவன்தான் பார்க்கிறான், என்னைவிட நன்றாகப் பார்க்கிறான்.

அவன் கடைப்பிடிக்கிற கணக்கு எட்டு, எட்டு, எட்டு. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் சார்ஜ், எட்டு மணி நேரம் ஆறல். ஆறல் என்பது வீண் நேரம் இல்லை. நம் ஊர் வெயிலுக்கு மத்தியானம் ஷீட் குடோனுக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், வேலை முடிந்து வரும் பேட்டரி தொட்டாலே சுடும். ஆசிட் 45 டிகிரிக்கு மேல் இருந்தால் அப்படியே சார்ஜில் போட மாட்டோம், மூடியைத் திறந்து ஆற விடுவோம். 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் பாதியாகக் குறையும் என்று ஒரு கணக்கு உண்டு. அதனால் கோடையில் இரவு பத்து மணிக்கு மேல்தான் பிளக் போடுகிறோம். கரண்ட் போனால் சில சார்ஜர் விட்ட இடத்தில் தொடரும், சில தொடராமல் அப்படியே நின்றுவிடும், நம்முடையது எந்த வகை என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற நாளுக்கு முந்தைய இரவு கட்டாயம் முழு சார்ஜ்.

டீக்குப் போகிற பத்து நிமிடம், சாப்பாட்டுக்குப் போகிற அரை மணி நேரம் என்று அவ்வப்போது பிளக் போடுவது நல்லது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஈயப் பேட்டரிக்கு அது நல்லதில்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 1200 முதல் 1500 முறை வரை சார்ஜ் தாங்கும் பேட்டரி, அதில் ஒவ்வொரு சின்னச் சொருகலும் ஆயுளைக் கொஞ்சம் தின்கிறது, ஆறுவதற்கும் நேரம் இருக்காது. அதற்காக ஒட்ட ஓட்டிவிடவும் கூடாது. 20 சதவீதம் மிச்சம் இருக்கும்போது வண்டியை நிறுத்திவிட வேண்டும். முள் சிவப்புக்கு வந்த பிறகும் "இன்னும் ஒரு பாலெட்தான்" என்று ஓட்டினால் கேபிள் சூடாகும், மோட்டார் காந்தும், செல்லும் கெடும். இறங்கிய பேட்டரியை அப்படியே இரண்டு மூன்று நாள் போட்டுவிட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் பிளேட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும், திரும்பி வந்து எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு வராது. லீவு என்றால் முழு சார்ஜோடு விட்டுப் போங்கள்.

தண்ணீர் ஊற்றும் நேரம் பற்றியும் சொல்ல வேண்டும், அந்தக் குடோன் தம்பியின் இரண்டாவது பிரச்சினையே அதுதான். அவர் சாயங்காலம் சார்ஜ் போடுவதற்கு முன்னால் கழுத்து வரைக்கும் நிரப்புகிறார். சார்ஜ் ஏறும்போது ஆசிட் சூடாகி, குமிழியும் சேர்ந்து மேலே எழும்பும், இடமில்லாமல் வெளியே வழியும். வழிவது வெறும் தண்ணீர் இல்லை, ஆசிட். அது பெட்டியை அரிக்கிறது, உள்ளே ஆசிட் நீர்த்துப்போய் பலம் குறைகிறது, தரையும் பாழாகிறது. சார்ஜ் முழுதாக முடிந்து கொஞ்சம் ஆறிய பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும், பிளேட்டுக்கு மேல் இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பைத் தாண்டிக் கொஞ்சம், அல்லது மிதவை உள்ள மூடி என்றால் அதில் குறித்த அளவுக்கு. சார்ஜுக்கு முன் திறந்து பார்க்கையில் பிளேட் வெளியே தெரிந்தால் அதை மூடும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் ஊற்றலாம். வாரம் ஒருமுறை எல்லா செல்லையும் பார்த்தால் எங்கள் வேலைக்குப் போதும், கோடையில் இரண்டு முறை. எந்தக் காரணத்துக்காகவும் ஆசிட் ஊற்றாதீர்கள். அளவு குறைந்தது தண்ணீர்தான், ஆசிட் செல்லை விட்டு எங்கும் போகவில்லை. வழிந்து ஆசிட் போயிருந்தால் அதைச் சரிசெய்வது தெரிந்த சர்வீஸ்காரர் வேலை. ஆசிட் கலக்க நேர்ந்தால் தண்ணீரில் ஆசிட்டை மெதுவாக விட வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை விட்டால் கொதித்து முகத்தில் அடிக்கும்.

எங்கள் கொட்டகைத் தூணில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. திங்கள்கிழமை காலை தம்பி ஹைட்ரோமீட்டரை எடுத்து கிராவிட்டி, அதாவது செல்லில் உள்ள ஆசிட் தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்று பார்த்து எழுதுவான். முழு சார்ஜில் 1.280 பக்கம் இருக்க வேண்டும், 80 சதவீதம் ஓட்டி முடித்தால் 1.140 பக்கம் இறங்கும். இந்த எண்கள் 27 டிகிரி சூட்டுக்கு. அதைவிட 10 டிகிரி கூடினால் படித்த எண்ணோடு 0.007 சேர்த்துக்கொள்ள வேண்டும். 42 டிகிரியில் 1.270 காட்டினால் உண்மையில் அது 1.280, பயப்பட வேண்டியதில்லை. தண்ணீர் ஊற்றிய கையோடு அளக்கக் கூடாது, கலக்காத தண்ணீர் மேலாக நிற்கும், பொய்க் கணக்குக் காட்டும். தினமும் 24 செல்லையும் பார்க்க வேண்டாம், ஒரு செல்லை மாதிரியாக வைத்துக்கொண்டால் போதும். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஒரு செல் மட்டும் 0.030 குறைவாகக் காட்ட ஆரம்பித்தால் கவனம். எங்களுக்கு 17ஆம் செல் அப்படிக் காட்டியது. வாரக் கடைசியில் சார்ஜரில் எல்லா செல்லையும் சமநிலைக்குக் கொண்டுவரும் ஈக்வலைஸ் பொத்தானைப் போட்டுக் கூடுதலாக மூன்று மணி நேரம் குறைந்த கரண்டில் விட்டோம், மூன்று வாரத்தில் அது மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் அந்த ஒரு செல் மற்ற 23-ஐயும் இழுத்துக்கொண்டு போயிருக்கும், பேட்டரியே சரியில்லை என்று மாற்றியிருப்போம். ஈக்வலைஸ் போடும்போது வாயு அதிகம் வரும், காற்றோட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் செல் சூடேறிக் கெடுகிறது என்று அர்த்தம், நிறுத்திவிடுங்கள்.

மில்லில் எங்களுக்கு இருக்கும் தனிப் பிரச்சினை உமித் தூசி. அது ஆசிட் ஈரத்தோடு சேர்ந்தால் கரண்ட் கடத்தும். மல்டிமீட்டரின் ஒரு முனையை டெர்மினலிலும் இன்னொன்றை ஈரமான மேல்பரப்பிலும் வைத்துப் பாருங்கள், வோல்ட் காட்டினால் அந்த வழியாகச் சார்ஜ் கசிந்துகொண்டிருக்கிறது. செல் மூடிகளை இறுக்கிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் நூறு கிராம் ஆப்ப சோடா கரைத்துத் துணியால் துடைக்க வேண்டும், நுரை அடங்கினால் ஆசிட் தீர்ந்தது, அப்புறம் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துக் காய விட வேண்டும். சோடா ஒரு சொட்டுகூட செல்லுக்குள் போகக் கூடாது. டெர்மினலைச் சுத்தம் செய்து வாஸ்லின் தடவினால் பூப்பு வராது. கொட்டகையில் ஒரு டப்பா ஆப்ப சோடா எப்போதும் இருக்கும், தரையில் ஆசிட் கொட்டினால் உடனே போடுவதற்கு.

இந்த வேலைக்குக் கண்ணாடி, முகக் கவசம், ரப்பர் கையுறை, ரப்பர் ஏப்ரன் வேண்டும். கைலியோடு பேட்டரி பக்கம் வராதீர்கள், ஆசிட் பருத்தியைத் தின்றுவிடும், துணி துவைத்த பிறகுதான் ஓட்டை தெரியும், தோலில் பட்டது அதற்கு முன்பே எரிந்திருக்கும். மோதிரம், கைச்சங்கிலி, வாட்ச், கழுத்துச் செயின் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். 48 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது பாதி உண்மை. ஷாக் பெரிதாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் இரண்டு டெர்மினலுக்கு நடுவே ஸ்பேனர் விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஒரே நொடியில் ஓடி இரும்பையே உருக்கும். ராசிக்கல் மோதிரம் போட்ட விரல் நடுவில் மாட்டினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டாம். ஸ்பேனர் கைப்பிடிக்கு இன்சுலேஷன் சுற்றி வையுங்கள், பேட்டரி மேல் எதையும் வைக்காதீர்கள். பேட்டரியின் எடையும் வண்டிக்குப் பின்பாரமாகக் கணக்கில் சேர்ந்தது, விலை குறைவு என்று லேசான பேட்டரியை மாட்டினால் மூட்டையைத் தூக்கும்போது வண்டி முன்னால் கவிழப் பார்க்கும். வண்டியின் தகட்டில் குறைந்தபட்ச எடை எழுதியிருப்பார்கள், படியுங்கள்.

லித்தியம் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். தண்ணீர் வேண்டாம், சார்ஜில் வாயு வராது, டீ நேரத்தில் பிளக் போட்டாலும் கெடாது. விலை அதிகம், அதற்கென்று உள்ள சார்ஜர்தான் போட வேண்டும், எடை குறைவதால் பின்பாரம் சேர்த்துத் தர வேண்டும். மூன்று ஷிஃப்ட் ஓடுகிற இடத்துக்குச் சரி. எங்களைப் போல ஒரு ஷிஃப்ட் ஓடுகிறவர்களுக்கு ஈயமே போதும் என்பது என் எண்ணம்.

இவ்வளவும் நம் ஊரில் தெரியாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம். பேட்டரி, மின்முலாம், அரிமானம் என்று மின்வேதியியலுக்கென்றே இருக்கிற மத்திய அரசு ஆய்வு நிறுவனமான சிக்ரி நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25ஆம் தேதி நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் சமயத்தில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த நிறுவனம். அதன் வேலிக்கு வெளியே சில மைல் தூரத்தில் நாம் பேட்டரிக்குக் குடிதண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியும் பெரும்பாலும் இதே சாதிதான். மாடிப்படிக்கு அடியில் அடைத்து வைத்து, பக்கத்திலேயே சாமி விளக்கு ஏற்றுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பெரிய வீடு வைத்திருப்பவர்களே, ஆல்வீட்டிலோ இரண்டாம் கட்டிலோ காற்று வருகிற ஓரமாகத் தள்ளி வையுங்கள், விளக்கிலிருந்தும் அடுப்பிலிருந்தும் எட்டவே இருக்கட்டும். செத்த பேட்டரியை உடைத்து ஆசிட்டை ஊருணிப் பக்கம் கொட்டுகிறவர்களிடம் எடைக்குப் போடாதீர்கள். ஈயம் தண்ணீரில் இறங்கினால் குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் தாக்கும். பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியது தயாரிப்பவர்கள் பொறுப்பு என்று 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன, புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் தள்ளுபடி வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் குடோனில் அன்று மாலை வரை இருந்தேன். மேலே துடைத்து, டெர்மினலைச் சுத்தம் செய்து, முழு சார்ஜ் ஏறிய பிறகு 24 செல்லையும் அளந்தோம். 18 செல் 1.240-க்கு மேல் காட்டின. மற்ற ஆறும் 1.200-ஐத் தொடவில்லை, அதில் இரண்டு 1.160. நாலு மாதம் ஊற்றிய உப்பை இனி வெளியே எடுக்க முடியாது. ஈக்வலைஸ் போட்டு எது எழுந்திருக்கிறது, எது எழவில்லை என்று பார்க்க வேண்டும், எழாத செல்லைத் தனியாக மாற்ற முடியுமா என்று சர்வீஸ்காரரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். தம்பி குடத்தை எடுத்துக்கொண்டு போய்ச் செடிக்கு ஊற்றினார். கடையிலிருந்து 20 லிட்டர் பேட்டரி தண்ணீர் கேனும், ஹைட்ரோமீட்டரும், ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கி வந்து, முதல் பக்கத்தில் அன்றைய தேதி போட்டு ஒன்றிலிருந்து 24 வரை அவரே எழுதினார். வருகிற ஞாயிறு மறுபடி போகிறேன். என்ன எண் வந்தது என்று எழுதுகிறேன்.